‘அன்று’ மட்டும் பேசத் தெரிந்தவர்

பணியாளர் கோப்பில் அவரைப் பற்றி இருப்பது இது: “துப்புரவுப் பணியாளர், மூன்றாம் நிலை. பணி: தரை, கழிவறை, சன்னல். குடியிருப்போருடன் உரையாடல்: தேவையில்லை. மொழித்திறன்: பொருந்தாது. சுபாவம்: அமைதியானவர்.”

கடைசிச் சொல்லை யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை. நேர்காணலன்று அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது என்பது வீட்டில் சொல்லப்படும் விளக்கம்.

அவரைக் கோப்புக்கு வெளியே எல்லோரும் கமா என்றுதான் அழைக்கிறார்கள். பெயர் வைத்தவன் மச்சினன். “மாமா பேச ஆரம்பிச்சா கமாதான் வரும். முற்றுப்புள்ளிய இன்னும் யாரும் பார்க்கல” என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னான். கமா அதை மறுத்து முக்கால் மணி நேரம் பேசினார். பெயர் நிலைத்துவிட்டது.

ஐம்பத்து நான்கு வயது. இரண்டு மாடி முதியோர் இல்லத்தில் பதினோரு வருட வேலை. இருபத்திரண்டு அறைகள், இரண்டு நீண்ட நடைகள், ஒரு சாப்பாட்டுக் கூடம். வாளியையும் மாப்பையும் தள்ளிக்கொண்டு அவர் வரும் சத்தத்துக்கு முன்னால் அவர் பேச்சுச் சத்தம் வந்துவிடும். குடியிருப்பவர்களில் பாதிப்பேருக்குக் காது சரியாகக் கேட்காது. இது இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது.

அவருக்கு ஸ்பானிய மொழி வந்த கதை அவருடையதல்ல, மனைவியுடையது. மனைவி ஒரு துணி திருத்தும் கடையில் வேலை செய்கிறார். கடைக்கு வரும் கோட்டுகளில் சிலவற்றின் உட்புறம் துவைக்கும் விதம் ஸ்பானியத்தில் மட்டும் அச்சடித்திருக்கும். அப்படி ஒன்றை வெந்நீரில் போட்டு, பெரியவர் கோட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஆகும்படி சுருக்கிவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த ரோஷத்தில் நூலக மாடியில் சனிக்கிழமை காலை நடந்த இலவச வகுப்பில் சேர்ந்தார். பத்து வாரம். நாலு வாரம் ஒழுங்காகப் போனார். ஐந்தாவது வாரம் பள்ளிகள் திறக்கும் நேரம் வந்துவிட்டது. சீருடைக் குவியல், சனிக்கிழமையும் கடை.

“ரெண்டு தடவ தொடர்ந்து வரலைன்னா பேரை எடுத்துருவாங்களாம்” என்றார் கணவரிடம். “நீங்க போய் என் இடத்துல உக்காந்துக்கங்க. ஒண்ணும் படிக்க வேண்டாம். பேசாம உக்காந்திருந்தா போதும்.”

“பேசாமலா?”

“முடிஞ்ச வரைக்கும்.”

அப்படித்தான் ஒரு நாற்காலியைக் காப்பதற்காக அவர் நூலகப் படி ஏறினார். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை அந்த வகுப்பில் நடந்தது ஒரே பாடம். அந்த மொழியில் இறந்தகாலம் இரண்டு உண்டு. ஒன்று முடிந்துபோனது: வந்தான், விழுந்தான், கதவைச் சாத்தினான். மற்றது, முடிந்ததா இல்லையா என்று யாரும் கேட்காதது: வந்துகொண்டிருந்தான், தினமும் வருவான், வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, அப்போது அவளுக்கு வயது ஒன்பது. இந்த இரண்டாவதுதான் நாலு வாரப் பாடம்.

வகுப்பெடுத்தவர் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசைப் பெண். வாரம் முழுக்க வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களைப் பார்த்துப் பழகியதால் பொறுமை அதிகம். “ரொம்ப யோசிக்காதீங்க” என்றார். “‘ஒரு தடவ’ன்னு முன்னாடி போட முடிஞ்சா இது இல்ல. ‘அப்பல்லாம்’னு போட முடிஞ்சா இதுதான்.”

முன்வரிசையில் இருந்த காப்பீட்டு அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. “தொடங்கின தேதி இல்ல, முடிஞ்ச தேதி இல்ல. அப்படி ஒரு காலத்த எப்படிங்க ஒத்துக்கிறது?”

பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டியவர் பின்வரிசையிலிருந்து பேசினார். “ஏன் சார், நம்ம பேச்சுல இருக்கறதுதானே. சின்ன வயசுல நாங்க மரத்துல ஏறுவோம், தோட்டக்காரர் துரத்துவார், நாங்க ஓடுவோம்னு சொல்றோம். நாளைக்கா ஏறப்போறோம்? இந்த வயசுல ஏறினா இறக்க ஆள் வேணும். போன காலத்தச் சொல்றதுக்கு வரப்போற காலத்தோட சட்டைய எடுத்துப் போட்டுக்கறோம், யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல, எங்க வீட்டுக்காரங்க தையக்கடையிலகூட…”

வகுப்பு சிரித்தது. ஆசிரியை அந்த மரத்தைப் பலகையில் வரைந்துகொண்டார்.

அந்த நாலு வாரத்தில் கமா சந்தோஷமாக இருந்தார். அடங்காத வினைச்சொற்கள் மூன்றே மூன்று. மற்றதெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல ‘ஆபா’ என்றோ ‘ஈயா’ என்றோ முடிந்துவிடும். ‘நான் சாப்பிடுவேன்’ என்பதும் ‘அவர் சாப்பிடுவார்’ என்பதும் ஒரே சொல். யார் என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தாத ஓர் இலக்கணம் அவருக்காகவே தைத்ததுபோல இருந்தது. ஒன்பதாம் வாரம் மனைவி திரும்பி வந்து நாற்காலியை வாங்கிக்கொண்டார்.

விளைவு, ஒரே வீட்டில் இரண்டு அரைகுறை. மனைவிக்கு நிகழ்காலம் தெரியும்: எனக்குப் பசிக்கிறது, இந்தக் கோட்டு நீலமாக இருக்கிறது. கணவருக்கு ‘அன்று’ மட்டும்தான் தெரியும்: எனக்குப் பசித்துக்கொண்டிருந்தது, அந்தக் கோட்டு நீலமாக இருந்தது. இரண்டு பேரும் ஸ்பானியத்தில் பேசிக்கொண்டால் பத்து நிமிடத்தில் சண்டை வந்துவிடும். ஆளுக்கொரு வருடத்தில் நின்றுகொண்டு பேசினால் வேறென்ன ஆகும்?

இனி முதல் அறைக்காரர். இல்லத்துக்கு வந்து நாலு மாதம். பக்கவாதம் வந்ததில் வலது கை தளர்ந்தது, நாற்பது வருடம் சரளமாகப் பேசிய ஊர்மொழி துடைத்ததுபோலப் போயிற்று. பிறந்த மொழி மட்டும் மிஞ்சியது, அது ஸ்பானியம். கோப்பில் ‘முன்னாள் தொழில்’ என்ற இடத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று எழுதியிருந்தது. உறவு என்ற இடத்தில் யாரும் எடுக்காத ஒரு தொலைபேசி எண்.

அவர் சாப்பிடவில்லை. முகம் சுளிப்பதில்லை, தட்டைத் தள்ளுவதில்லை. எதிரில் வைத்த தட்டை ஏதோ வேறொருவருடையதைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொள்வார். ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை எடை பார்ப்பார்கள். இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்து நாற்பத்தாறு கிலோவுக்கு வந்திருந்தார். மூன்றாவது மாதமும் குறைந்தால் விதிப்படி நகரத்தின் மறுகோடியில் இருக்கும் மருத்துவமனைப் படுக்கைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே மூக்கு வழியாகக் குழாய். அங்கே போனவர்கள் யாரும் எழுந்து நடந்து திரும்பி வந்ததாக இல்லத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

பொறுப்பு நர்ஸ் நல்லவர். தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். முதல் அறைக்காரருக்குக் கூடத்தில் வெளிச்சமான இடம். முதல் பந்தியில் முதல் தட்டு. ஆறுவதற்குள் சாப்பிடட்டும் என்று தானே கொண்டுபோய் வைத்தார்.

கமா அந்த அறையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, சன்னல் பக்கம் பார்த்தபடி முதல் அறைக்காரர் தனக்குள் ஏதோ சொன்னார். நடுவில் ‘ஆந்தெஸ்’ என்ற சொல் வந்தது. நாலு வாரமும் பலகையின் மேல்மூலையில் எழுதியிருந்த சொல் அது: முன்பெல்லாம்.

கமா மாப்பை நிறுத்தினார். “ஆந்தெஸ்?” என்றார். பிறகு, பாடத்தில் வந்த முதல் கேள்வியைக் கேட்டார்: “ஆந்தெஸ், தோண்டே விவீயா?” முன்பெல்லாம் எங்கே இருப்பீர்கள்?

முதல் அறைக்காரர் திரும்பிப் பார்த்தார். முதலில் மாப்பை, பிறகு ஆளை. நாலு மாதத்தில் அவர் ஒரு கேள்விக்கு ஆம், இல்லை தவிரப் பதில் சொன்னது அன்றுதான். ஒரு சொல் சொன்னார்: “பார்க்கோ.”

அன்று மாலை கமா மனைவியிடம் கேட்டார். “பார்க்கோன்னா என்ன?”

“கப்பல். என் நோட்டுல ஏழாம் பக்கம். எதுக்கு?”

“ஒருத்தர் அதுலதான் குடியிருந்தாராம்.”

அதற்குப் பிறகு முதல் அறையைத் துடைக்க நாற்பது நிமிடம் ஆகத் தொடங்கியது. கட்டடத்திலேயே பளபளப்பான தரை அதுதான். முப்பத்தொரு வருடம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரர் என்பது அப்படித்தான் வெளிவந்தது. இருபத்தாறு பேருக்குச் சமைப்பார். காற்று அடிக்கும்போது பானைகளைக் கயிற்றால் கட்டுவார். கப்பல் தலைவர் ஒருவர் தனக்கு வெங்காயம் ஆகாது என்பார், ஆனால் அடுத்தவர் தட்டிலிருந்து வாங்கியாவது தின்பார். கமாவுக்குப் பாதிதான் புரியும். மீதியைக் கையும் முகமும் சொல்லும். அதையும் மீறி விட்டுப்போனதை அவராகப் போட்டு நிரப்பிக்கொள்வார். இந்தத் திறமை அவருக்கு ஏற்கெனவே உண்டு.

பொறுப்பு நர்ஸ் ஒருநாள் வாசலில் நின்றார். “கமா, ஒன்பதாம் நம்பர்ல தண்ணி கொட்டி அரை மணி நேரமாச்சு. நீங்க இங்க துடைக்க வர்றீங்களா, பேச வர்றீங்களா?”

“துடைக்கத்தான் சிஸ்டர். அவர்தான் பேசறார்.”

“அவரா?”

“கப்பல்ல சமையல்காரரா இருந்தாராம். வீட்லேர்ந்து ஏதாவது கொண்டுவந்து தரலாமான்னு…”

“கொண்டுவாங்க. ஆனா எனக்குத் தெரியாம இல்ல, தெரிஞ்சு கொண்டுவாங்க.”

அவர் முன்பெல்லாம் என்ன சாப்பிடுவார் என்று கமா கேட்டார். முட்டையும் உருளைக்கிழங்கும் என்று தெரிந்தது. மனைவி வேகவைத்து, வதக்கி, மூடி போட்ட பாத்திரத்தில் கொடுத்தனுப்பினார். பொறுப்பு நர்ஸ் பார்க்க, வெளிச்சமான இடத்தில், முதல் ஆளாக, அது முதல் அறைக்காரர் முன்னால் வைக்கப்பட்டது. அவர் முகர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார், நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்பதுபோல. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“என் சமையலுக்குக்கூட இரங்கல பாருங்க” என்றார் மனைவி, பாத்திரம் நிரம்பியபடி திரும்பி வந்ததும்.

எடை பார்க்கும் நாளுக்குப் பத்து நாள் இருந்தபோது, மாதம் ஒரு முறை அழைக்கும் மொழிபெயர்ப்புச் சேவைக்காரர் தொலைபேசியில் வந்தார். ஒலிபெருக்கியில் போட்டார்கள். கமா மூலையில் சன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சன்னலை அன்று மூன்றாவது முறையாகத் துடைத்தார். படிவத்தில் இருந்த கேள்விகள் ஒவ்வொன்றாகப் போய்வந்தன. பசிக்கிறதா? இல்லை. வலி இருக்கிறதா? இல்லை. விழுங்கச் சிரமமா? இல்லை. சாப்பாடு பிடிக்கவில்லையா? பிடித்திருக்கிறது. வேறு ஏதாவது வேண்டுமா? வேண்டாம், நன்றி.

“ரொம்ப மரியாதையானவர்” என்றார் மொழிபெயர்ப்பாளர். படிவம் பூர்த்தியாயிற்று. ஒன்றும் தெரியவில்லை. முதல் அறைக்காரர் சொன்ன எல்லாம் உண்மை என்பதுதான் சங்கடம்.

எல்லோரும் போனபின் கமா வாளிப் பக்கத்தில் குந்தினார். பசிக்கிறதா என்று கேட்க அவருக்குத் தெரியாது; அது மனைவியின் பாடம். தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டார். முன்பெல்லாம், கப்பலில், எங்கே சாப்பிடுவீர்கள்?

முதல் அறைக்காரர் அவரை வேடிக்கையாகப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்ற பார்வை. சமையலறையில், என்றார். கடைசி ஆளாக. நின்றுகொண்டு. பிறகு இடது கையால் காற்றில் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினார்; இருபத்தாறு தட்டும் திரும்பி வந்த பிறகு. ஒவ்வொன்றையும் பார்ப்பார். காலியாக வந்தால் சரி. மிச்சம் வந்தால் யாருடையது, ஏன் என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். முப்பத்தொரு வருடம் அப்படி. பிறகு துறைமுகக் கேன்டீனில் பதினெட்டு வருடம், அங்கேயும் அப்படி.

கமா வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத் திரும்பியவர் அடுப்பங்கரை வாசலில் நின்றார். மனைவி மேடை ஓரமாக, சட்டியில் மிச்சம் இருந்ததைத் தட்டில் வழித்து, நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருடமாகக் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த காட்சிதான்.

“ஏன் நின்னுகிட்டே சாப்பிடறே?”

“உக்காந்தா மறுபடி எழுந்திருக்கணும்ல” என்றார் மனைவி. “என்ன புதுசா விசாரணை? போய் மோரை மூடி வைங்க.”

மறுநாள் அவர் மாப்பை வெளியே சாத்திவிட்டுப் பொறுப்பு நர்ஸின் அறைக்குள் போனார். பதினோரு வருடத்தில் அந்த அறைக்குள் அவர் மாப் இல்லாமல் நுழைந்தது அதுதான் முதல் தடவை. விஷயத்தைச் சொன்னார். கமாக்கள் குறைவாகவே இருந்தன.

“கடைசியிலயா?” என்றார் பொறுப்பு நர்ஸ். “எல்லாம் ஆறிப்போயிருக்கும் கமா. அவருக்குன்னுதான் முதல் தட்ட நானே எடுத்துட்டுப் போறேன்.” குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. “நின்னுகிட்டு வேற சாப்பிடணுமா? விழுந்தா யார் பதில் சொல்றது?”

“சிஸ்டர், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்ல யார் கடைசியா சாப்பிடுவாங்க?”

பொறுப்பு நர்ஸ் கோப்பு ஒன்றைத் திறந்து மூடினார். “நான்தான்” என்றார்.

“யாராவது உங்கள முதல் ஆளா உக்காரவச்சு, எல்லாரும் பார்த்துகிட்டு நின்னா?”

“விருந்தாளி மாதிரி இருக்கும்.” கொஞ்சம் கழித்து, “பிடிக்காது” என்றார்.

கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில், காலித் தட்டுகள் திரும்பிப் போகும் ஒரு சன்னல் உண்டு. இடுப்பு உயரத்தில் பலகை. முதல் அறைக்காரரை, அவர் பிடித்து நடக்கும் நடைசட்டத்தோடு அங்கே நிறுத்தலாம், முட்டுக்கொடுக்கப் பின்னால் உயரமான நாற்காலி ஒன்று, பக்கத்தில் ஒரு ஆள் என்று முடிவாயிற்று. ஒப்புக்கொள்ளாதவர் சமையற்கட்டு அக்கா.

“என் சமையல வாசல்ல நின்னு சோதனை போட ஒரு அதிகாரியா?” என்றார். “இத்தன வருஷமா இவர் இல்லாமத்தானே தட்டு கழுவினேன்?”

“பார்க்க மட்டும்தான் செய்வார், அக்கா.”

முதல் நாள் அவர் பார்க்க மட்டும் செய்யவில்லை. இருபத்தொரு தட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் ஒரு நொடி பார்த்து உள்ளே தள்ளினார். ஒன்பதாம் அறைத் தட்டு வந்தபோது நிறுத்தினார். கேரட் அப்படியே இருந்தது. இடது கையை நீட்டி அக்காவின் கரண்டியைக் கேட்டார். அக்கா கமாவைப் பார்த்தார், கமா கூரையைப் பார்த்தார். கரண்டி போயிற்று. ருசி பார்த்துவிட்டு ஒரு சொல் சொன்னார்: “சால்.”

“என்ன சொல்றாரு?”

“தெரியல அக்கா. எங்க பாடத்துல வரல.”

முதல் அறைக்காரர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார்.

“உப்பு கம்மி, அதானே? டாக்டர் உத்தரவு. எனக்கு மட்டும் நாக்கு இல்லையா?” என்றார் அக்கா. ஆனால் குரலில் சூடு இறங்கியிருந்தது. அந்தக் கட்டடத்தில் உப்பைப் பற்றி அவரிடம் பேசிய முதல் ஆள் இவர்தான்.

பிறகு, சொல்லாமலே, அக்கா ஒரு தட்டைப் பலகையில் வைத்தார். முதல் அறைக்காரர் நின்றபடி, பாதித் தட்டு சாப்பிட்டார்.

எல்லா நாளும் அப்படி நடந்துவிடவில்லை. நாலாம் நாள் புழுக்கமாக இருந்தது, யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து தட்டு நிறைந்தபடி திரும்பின. முதல் அறைக்காரர் அவற்றைப் பார்த்துவிட்டு ஒரு பருக்கை தொடாமல் அறைக்குப் போய்விட்டார். தொழில் கெட்ட நாளில் சமையல்காரருக்கு என்ன பசி. இந்தச் செய்தி நடை முழுக்கப் பரவியது. பரப்பியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் ஆறாம் அறையில் இருந்த முன்னாள் வரி அதிகாரி தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். “எனக்காக இல்ல, அந்த ஆளுக்காக” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவரும் மூன்று மாதமாக ஒழுங்காகச் சாப்பிடாதவர்தான். ஏழாம் நாள் முதல் அறைக்காரர் ரொட்டித் துண்டால் தன் தட்டை வழித்து, அதைத் தானே உள்ளே தள்ளினார்.

திங்கட்கிழமை காலை எடை பார்த்தார்கள். பொறுப்பு நர்ஸ் செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டாம் முறையும் பார்த்தார். கமா அந்த நேரத்தில் அந்த நடையைத் துடைத்துக்கொண்டிருந்தது தற்செயல் என்று சொல்ல முடியாது.

“நாப்பத்தாறு இருநூறு” என்றார் பொறுப்பு நர்ஸ். “போன மாசத்த விட இருநூறு கிராம் கூட.”

இருநூறு கிராம் என்பது ஒரு கைப்பிடித் தக்காளி. விதிக்கு அது போதும். படுக்கைப் பிரிவுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைப் பொறுப்பு நர்ஸ் இரண்டாகக் கிழித்தார். முதல் அறைக்காரர் நடைசட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மதியத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்போதே, தட்டுச் சன்னல் பக்கம் நடந்தார்.

ஆண்டறிக்கையில் இந்த விஷயத்துக்கு நாலு வரி கிடைத்தது: “ஊட்டச்சத்துக் குழு, மருத்துவர், மொழிபெயர்ப்புச் சேவை ஆகியோரின் ஒருங்கிணைந்த முயற்சியால் தனிநபர் உணவு ஒழுங்கு வகுக்கப்பட்டது.” பொறுப்பு நர்ஸ் ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுதினாராம், துப்புரவுப் பிரிவு வேறு அறிக்கையில் வரும் என்று பதில் வந்ததாம். அந்த வேறு அறிக்கையில் சோப்புக் கரைசலின் அளவு இருந்தது.

கமாவின் கோப்பு இன்னும் மாறவில்லை. உரையாடல் தேவையில்லை, மொழித்திறன் பொருந்தாது, அமைதியானவர்.

அவர் செய்தது இது: ஒரு கப்பல் சமையல்காரர் முன்பெல்லாம் எங்கே சாப்பிடுவார் என்று கேட்டார், பதிலைக் கேட்டுக்கொண்டார், அதைச் சொல்ல வேண்டியவரிடம் போய்ச் சொன்னார்.